மூன்று சொட்டு

சரக்கறைக் கதவு அவள் பின்னால் சத்தமில்லாமல் சாத்திக்கொண்டது. மூன்று வருடமாக அந்தக் கதவு தெருவுக்கே கேட்கும்படி கிறீச்சிட்டுத்தான் சாத்திக்கொள்ளும். கீலுக்கு எண்ணெய் விடச் சொல்லி மருந்துக்கடை முதலாளியிடம் அவள் தலைபாடாய் அடித்துக்கொண்டிருக்கிறாள். இன்று முனகக்கூட இல்லை. மனிதருக்கு ஒருவழியாக மனசு வந்துவிட்டது போலிருக்கிறது என்று நினைத்தபடி, காதுச் சொட்டு மருந்துப் பெட்டியைத் தேடினாள்.

மணி மூன்றரை. நாலு மணிக்குப் பள்ளி வாசலில் நிற்க வேண்டும். போன மாதம் அவள் போகக் கொஞ்சம் தாமதமானதும், மகள் அழுதுகொண்டே தனியாகச் சாலையைக் கடக்கப் பார்த்தாள். 

வெளியே கவுண்டரில் தையல்காரர் காத்திருந்தார். காது அடைப்பு, குடைச்சல், குளிக்கும்போது தண்ணீர் புகுந்தது என்று யார் வந்தாலும் அவளைத்தான் கேட்பார்கள். தெருவில் அவளுக்குக் 'காதக்கா' என்றே பெயர். தையல்காரர் பத்து நாளில் வருவது இது மூன்றாவது தடவை. சற்றுமுன் வந்ததுமே சொன்னார்:

"அடைப்பு போகலம்மா. உள்ள யாரோ தட்டுறாங்க. பொம்பளைக் குரல்."

"உங்க வீட்டுக்காரம்மாவாத்தான் இருக்கும். கூப்பிட்டப்பல்லாம் காதுல விழாத மாதிரி இருந்தீங்கல்ல, இப்ப உள்ளயே வந்து உக்காந்துட்டாங்க."

அவர் சிரிக்கவில்லை. "கதவைத் திறங்கன்னு கெஞ்சுதும்மா. பிள்ளை தனியா நிக்கும்ங்குது. தாங்க முடியாம நேத்து ஊசியோட மழுங்கின பக்கத்தை விட்டுப் பாத்தேன்."

"ஐயோ, காதுக்குள்ள ஊசியை விடுவாங்களா? வெறும் அழுக்குதான். சொட்டு விட்டா கரைஞ்சுடும்."

இரண்டு தடவைக்கு மேல் வருகிறவரைக் காது டாக்டரிடம் அனுப்ப வேண்டும் என்பது கடையில் உள்ள ஏற்பாடு. அனுப்புவதென்றால் உட்கார வைத்து விளக்க வேண்டும், அவர் ஒன்பது கேள்வி கேட்பார், நாலு மணி ஆகிவிடும். அதனால்தான் கரைந்துவிடும் என்று சொல்லிவிட்டு உள்ளே வந்தாள்.

பெட்டி இருக்கும் தட்டில் பெட்டி இல்லை. பின்னால் விழுந்திருக்குமோ என்று கையை விட்டுத் துழாவினாள். சுவர் தட்டுப்பட்டது. வெதுவெதுப்பாக இருந்தது. எப்போதும் அட்டையும் டெட்டாலும் மணக்கும் அந்தச் சின்ன அறையில், நாளெல்லாம் தலைக்கடியில் கிடந்த தலையணையின் புளித்த வாடை மெல்ல ஏறிக்கொண்டிருந்தது. விரலை இழுத்துப் பார்த்தாள். நகக்கண்ணில் மஞ்சளாக, பிசுபிசுவென்று ஏதோ ஒட்டியிருந்தது. எத்தனை பேர் பஞ்சுக்குச்சியின் நுனியில் இதைக் கொண்டுவந்து, "இது என்னன்னு பாருங்க" என்று அவள் மூக்குக்கு நேரே நீட்டியிருக்கிறார்கள். தெரியாதவள் போல வெள்ளைக் கோட்டில் துடைத்துக்கொண்டாள்.

கதவைத் தள்ளினாள். தோல் போல உள்வாங்கியது. திறக்கவில்லை.

எங்கோ ஆழத்தில் தொம், தொம் என்று நிதானமாக ஒரு துடிப்பு. தன் நெஞ்சு என்று நினைத்துக் கையை வைத்துப் பார்த்தாள். அவள் நெஞ்சு அதைவிட இரண்டு மடங்கு வேகமாக அடித்துக்கொண்டிருந்தது.

அப்போது வெளியே ஒரு குரல் கேட்டது. தண்ணீருக்கடியிலிருந்து கேட்பது போல மழுங்கியிருந்தாலும், அது யாருடைய குரல் என்பதில் சந்தேகமே இல்லை.

"இதோ, கிடைச்சுடுச்சு. மூணு சொட்டு விடுங்க. ஒருக்களிச்சு அஞ்சு நிமிஷம் அசையாம படுங்க. பஞ்சு வச்சு அடைச்சுக்குங்க. எனக்கும் பிள்ளையைக் கூப்பிடப் போக நேரமாச்சு."

அது அவளுடைய குரல்.

அவள் கதவில் இரண்டு கையாலும் அடித்தாள். "கதவைத் திறங்க! யாராவது திறங்க! பிள்ளை தனியா நிக்கும்!"

சொல்லி முடித்த பிறகுதான் இதே வார்த்தைகளை எங்கே கேட்டோம் என்பது நினைவுக்கு வந்தது.

சுவர்கள் பேசின. நான்கு பக்கமும், தரையும் கூட, தையல்காரரின் குரலில் அதிர்ந்தன.

"இப்பகூடத் தட்டுதும்மா."

அவளுடைய சிரிப்பு. இயல்பான, கிளம்பும் அவசரத்தில் இருக்கும் சிரிப்பு. "கரைஞ்சுடும், போங்க."

அறை ஆடத் தொடங்கியது. நடை. ஒவ்வொரு காலடிக்கும் தட்டுகள் குலுங்கின, மருந்து பாட்டில்கள் ஒன்றையொன்று இடித்தன. படிகள். ஒரு கதவு. கட்டில் முனகியது. பிறகு அறை முழுதும் மெதுவாக, மிக மெதுவாகப் பக்கவாட்டில் சாய்ந்தது. அலமாரி சரிந்தது. சுவர் தரையானது. அவள் அதன்மேல் விழுந்தாள்; கைகள் முழங்கை வரை புதைந்தன.

கதவு இப்போது தலைக்கு மேலே, கைக்கெட்டாத உயரத்தில். அது கதவாகவும் இல்லை. வட்டமான வெளிச்சம்.

கத்தினாள். மேலே ஒரு பெரிய மூச்சு நின்றது. கேட்கிறது. அவருக்குக் கேட்கிறது.

"அழுக்குதான்," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார் தையல்காரர்.

முதல் சொட்டு விழுந்தது. வெதுவெதுப்பாக, எண்ணெயாக. இடுப்பு வரை.

இரண்டாவது. கழுத்து வரை.

மணி நாலாகியிருக்கும். பள்ளி வாசலில் மகள், தன்னை நோக்கி வரும் அம்மாவின் கையைப் பிடிக்க ஓடிக்கொண்டிருப்பாள்.

மூன்றாவது.

வெளிச்சத்தின் ஓரத்திலிருந்து வெள்ளையாகப் பஞ்சு இறங்கத் தொடங்கியது. தட்டுவதற்காக அவள் கையை உயர்த்தினாள். விரல்கள் ஐந்தும் ஒன்றாக ஒட்டி, மஞ்சளாக, மணிக்கட்டு வழியே மெல்ல வழிந்துகொண்டிருந்தன.