நாற்பத்தெட்டாம் இதழுக்கான வரிசை

வரிசையில் தனராஜுக்கு முன்னால் நின்றவர், கையில் விரித்துப் பிடித்திருந்த காமிக்ஸின் பக்கத்தை முக்கால் மணி நேரமாகத் திருப்பவில்லை. மெதுவாகப் படிக்கிற ஆசாமி போலிருக்கிறது என்றுதான் தனராஜ் முதலில் நினைத்தான். சித்தூரில் ஒரு சர்க்கார் ஆபீசில் பதினான்கு வருஷமாகக் குமாஸ்தா வேலை பார்ப்பவனுக்கு, ஒரே காகிதத்தை முக்கால் மணி நேரம் பார்த்துக்கொண்டிருக்கும் மனிதர்கள் புதிதில்லை. ஆனால் அவர்கள்கூட நடுவில் ஒருமுறை மூக்கைச் சொறிந்துகொள்வார்கள். இவர் அதுவும் செய்யவில்லை.

தனராஜுக்குக் கால் வலித்தது. விடிவதற்கு முன் எழுந்து, காலைப் பஸ்ஸில் சித்தூரிலிருந்து நின்றபடியே வந்த கால். அதற்கு முந்தைய மூன்று இரவுகளும் மிஷன் ஆஸ்பத்திரியில் தம்பியின் கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்தே தூங்கிய உடம்பு. எண்பத்து நாலாம் வருஷத்து மே மாதம் வேறு. திருப்பதி வெயிலில் சுவரில் சாய்ந்தால் சுவர் நம்மேல் சாய்கிறது போலிருந்தது.

அன்று அந்தப் பழைய சத்திரத்தில் காமிக்ஸ் ரசிகர்களின் பெரிய மாநாடு. சென்னை, சேலம், பெங்களூர் என்று எங்கெங்கிருந்தோ பழைய இதழ்களை டிரங்குப் பெட்டியில் கட்டித் தூக்கிக்கொண்டு வந்திருந்தார்கள். ஏர்பேட்டிலிருந்து வந்த ஒரு விவசாயி தன் எருமைக் கடாவுக்குத் துப்பறியும் தங்கய்யாவின் பெயரை வைத்திருந்தார். சாட்சிக்கு எருமையின் போட்டோவைச் சட்டம் போட்டுக் கொண்டுவந்திருந்தார். முகமூடி மாட்டிக்கொண்டு திரிந்த ஒருவரால் மத்தியானச் சாப்பாட்டுக்கு அதைக் கழற்ற முடியவில்லை. நான்கு பேர் விளக்கெண்ணெய் தடவி இழுத்தார்கள். முகமூடி வந்துவிட்டது, மீசையும் கூடவே வந்துவிட்டது. அவர் மீசையில்லாமல் உட்கார்ந்து தயிர்சாதம் சாப்பிட்டார்.

தனராஜ் இதையெல்லாம் பார்க்க வரவில்லை. அவனுக்கு வேண்டியது ஒரே ஒரு புத்தகம்: துப்பறியும் தங்கய்யா, நாற்பத்தெட்டாம் இதழ். நாற்பத்தேழில் தங்கய்யா பாழுங்கிணற்றில் தொங்கிக்கொண்டிருந்தான். கயிற்றில் ஒரே ஒரு பிரிதான் மிச்சம். 'அடுத்த இதழில்' என்று போட்டிருந்தது. அடுத்த மாதம் அச்சாபீஸ் மூடிவிட்டது. நாற்பத்தெட்டில் சில பிரதிகள் மட்டும் அச்சாகி வெளியே போனதாக ஒரு பேச்சு உண்டு. அது நடந்து பதினாறு வருஷம் ஆகிறது.

முந்தின நாள் ராத்திரி ஆஸ்பத்திரியில் தம்பி ஞானசிங்தான் பேச்சை எடுத்தான். முப்பது வயதில் அறுபது வயதுத் தோற்றம். குரல் மட்டும் பழைய குரல்.

"தங்கய்யா இன்னும் தொங்கிக்கினு இருக்கான்ணா. கவுறு அறுந்துச்சா இல்லியான்னு தெரிஞ்சிக்காம எனுக்குப் போவ மனசில்ல."

"புக்கோட ஏழு மணிக்கெல்லாம் வந்துடுவேன். அதுவரைக்கும் நீ எங்கியும் போவாம இரு."

"நான் எங்கப் போறது. கையில ஊசியக் குத்தி இந்தக் கம்பத்தோட கட்டி வெச்சிருக்காங்க, மாடு மாதிரி." சலைன் பாட்டில் தொங்கிய இரும்பு ஸ்டாண்டைக் கண்ணால் காட்டிச் சிரித்தான். "நீ வழியில படிச்சிடாத. என்னாண்ட கொண்டாந்து, அப்பறந்தான் பக்கத்தத் திருப்பணும்."

சின்ன வயதிலும் அப்படித்தான். மண்ணெண்ணெய்க் கடை வரிசையில் அண்ணனை நிற்கவைக்க அவனுக்கு மனசு வராது. 'நீ போய் ஆடிட்டு வாண்ணா, எடத்த நான் பாத்துக்கறேன்' என்று டின்னோடு நிற்பான். தனராஜும் போய்விடுவான். யோசிக்காமல் போய்விடுவான்.

மத்தியானம் இரண்டு மணிக்கு, சத்திரத்துச் சமையல்கட்டைத் தாண்டிய பின்கட்டில், சுவரில் சாக்கட்டியால் '48' என்று எழுதி அம்புக்குறி போட்டிருந்ததைக் கூட வந்த சிட்டிபாபுதான் கண்டுபிடித்தான். அம்பு காட்டிய இடத்தில் ஒரு நீளமான நடை. இரண்டு பக்கமும் இரும்புக் குழாய் கட்டி, நடுவில் ஒரே ஆள் நிற்கிற அகலம். உள்ளே வரிசை. திருப்பதியில் வரிசையைப் பார்த்தால் முதலில் போய் நிற்க வேண்டியது, எதற்கு என்று அப்புறம் விசாரிக்க வேண்டியது. அந்த ஊர்க்காரர்களுக்கு அது ரத்தத்தில் ஊறியது. மூவரும் நின்றார்கள். தனராஜ் முதலில், சிட்டிபாபு அடுத்து, கடைசியில் சம்பத்குமார். எங்கோ முன்னால் ஒரு மணி 'டங்' என்று அடித்தது. வரிசை ஒரு அடி நகர்ந்தது.

சிட்டிபாபு ரேணிகுண்டா ஒர்க் ஷாப்பில் ஃபிட்டர். சம்பத்குமார் திருப்பதிக்காரன், அவன் மனைவி பெருந்தேவி கட்டிக் கொடுத்த புளியோதரையை மூவரும் பத்து மணிக்கே முடித்திருந்தார்கள்.

"தாகமா இருக்கு. நான் போய் நீர்மோர் கொண்டுவரேன்" என்றான் சம்பத்குமார். "தனராஜ், என் இடத்தைச் சித்த பாத்துக்கோ."

"சரி."

வழக்கப்படி செருப்பைக் கழற்றி வரிசையில் வைத்துவிட்டுப் போனான். பத்து நிமிஷம் கழித்து சிட்டிபாபு நெளிந்தான்.

"ஏமிரா இவன், மோர் வாங்கப் போனானா மாடு வாங்கப் போனானா. நான் போய் இட்டுக்கினு வரேன். என் எடத்தயும் பாத்துக்கோப்பா."

"சரி" என்றான் தனராஜ்.

இப்போது அவனுக்குப் பின்னால் இரண்டு ஜோடிச் செருப்புகள் இருந்தன. அதற்குப் பின்னால் யாருமில்லை. அதுதான் அவன் களைத்த மூளையில் முள் மாதிரி தைத்தது. திருப்பதியில் ஒரு வரிசையின் வால் முக்கால் மணி நேரம் வளராமலே இருப்பது நடக்கிற காரியமில்லை. கோயிலுக்குப் போகிற வரிசை என்று நினைத்தாவது நான்கு பேர் வந்து நின்றிருக்க வேண்டும்.

கரண்ட் போயிற்று. மாநாட்டுக் கூடத்தின் இரைச்சல், மைக்கில் எண் வாரியாக ஏலம் போட்டவரின் கரகரப்பு, மின்விசிறிகளின் கடகடப்பு எல்லாம் ஒரே நேரத்தில் நின்று, நடையில் பழைய காகிதத்தின் வாசனையும், அதற்கடியில் ஈரச் சாக்கின் வாசனையும், அதற்கும் அடியில் லேசாக, இங்கே வரவே நியாயமில்லாத வேறொரு வாசனையும் மிஞ்சின. எங்கேயோ நுகர்ந்த வாசனைதான். எங்கே என்று பிடிபடவில்லை. மணி மட்டும் அடித்தது. டங். ஒரு அடி.

"பின்னால யாராச்சும் இருக்கீங்களா?" முன்னால் நின்றவர் திரும்பாமலே கேட்டார்.

"இருக்கேங்க."

"என் எடத்தக் கொஞ்சம் பாத்துக்கறீங்களா?"

"சரிங்க."

தலைச்சுமையை இறக்கிவைப்பவர் மாதிரி அவர் ஒரு பெருமூச்சு விட்டார். காமிக்ஸைத் தோளுக்கு மேலாகப் பின்பக்கம் நீட்டினார், தனராஜ் வாங்கிக்கொண்டான். அவர் செருப்பைக் கழற்றிவிட்டு, குழாயில் முதுகை உரசியபடி அவனைத் தாண்டினார். நரைத்த புருவம். அகலமான காலர் வைத்த சட்டை. அந்த மாதிரிக் காலரைத் தனராஜ் தன் நைனாவின் பழைய போட்டோக்களில்தான் பார்த்திருந்தான்.

"வெளிய இப்ப என்னா மாசம்?" என்று கேட்டார்.

"மே மாசங்க."

"வருசத்தச் சொல்லிடாதீங்க தம்பி" என்று சொல்லிவிட்டு வெறுங்காலோடு வேகமாகப் போனார். மூலை திரும்பியதும் அவர் ஓடுகிற சத்தம் கேட்டது. அந்த வயதில் அப்படி ஓடக்கூடாது.

தனராஜ் கையிலிருந்த புத்தகத்தைப் பார்த்தான். துப்பறியும் தங்கய்யா. இதழ் 48. முதல் பக்கத்தில் கிணறு, கயிறு, அதன் ஒற்றைப் பிரி, அதைப் பிடித்திருக்கும் கை. பதினாறு வருஷத்துக் காகிதத்துக்கு ஒரு மடிப்பு இல்லை. மை வாசனைகூடப் போகவில்லை. அவன் கட்டைவிரல் பக்கத்தின் ஓரத்துக்குப் போயிற்று. தம்பிக்குச் சொன்ன வார்த்தை ஞாபகம் வந்து நின்றது. வந்த வேலை முடிந்தது. நாலரை பஸ்ஸைப் பிடித்தால் ஏழு மணிக்கு ஆஸ்பத்திரி.

அப்போதுதான் நிமிர்ந்து முன்னால் பார்த்தான். இதுவரை அந்த அகலமான முதுகு மறைத்திருந்தது.

முன்னால் யாரும் இல்லை.

செருப்புகள்தான் இருந்தன. ஜோடி ஜோடியாக, ஒன்றன்பின் ஒன்றாக, நடை இருட்டில் போய் மறைகிற வரைக்கும். தோல் செருப்பு, டயர் செருப்பு, வார் அறுந்து ஊக்கு குத்திய பெண் செருப்பு, மரக்கட்டைச் செருப்பு, பக்கிள் வைத்த பள்ளிக்கூடத்துப் பூட்ஸ் ஒரு ஜோடி, உள்ளங்கை நீளம்கூட இல்லாதது. எல்லாம் முன்பக்கம் பார்த்து நின்றன. ஒழுங்காக. பொறுமையாக.

டங்.

தனராஜ் கண் சிமிட்டினான். அந்தச் சிமிட்டலுக்குள் எல்லாச் செருப்பும் ஒரு அடி முன்னால் போயிருந்தன.

அவன் காலும்.

திரும்பி நடந்தான். சிட்டிபாபுவின் செருப்பைத் தாண்டினான், சம்பத்குமாரின் செருப்பைத் தாண்டினான், சுவரைத் தொட்டபடி பத்து அடி, இருபது அடி. மூலை வரவில்லை. குனிந்து பார்த்தான். காலுக்கு முன்னால் அந்தப் பெரியவரின் செருப்பு. பின்னால் சிட்டிபாபுவினுடையது. அவன் தன் இடத்தில் நின்றுகொண்டிருந்தான். மறுபடி நடந்தான். மறுபடி அதே இடம். மூன்றாவது தடவைக்கு உடம்பில் தெம்பில்லை.

வெளியே, கிணற்றுக்கு மேலே பேசுகிறவர்கள் மாதிரி, சிட்டிபாபுவின் குரல் கேட்டது.

"தனராஜு. பஸ்ஸு கெளம்பிடும்பா."

"இங்க இருக்கேன்டா" என்றான் தனராஜ். "வரிசையில."

"முன்னாடியே போயிருப்பான்" என்றது சம்பத்குமாரின் குரல். "தம்பிக்கு உடம்பு சரியில்லையோல்லியோ. வா, நாம போலாம். என் செருப்பை எங்க விட்டேன்னே தெரியல."

குரல்கள் தேய்ந்தன. தனராஜ் யோசித்தான். சம்பத்குமாரிடம் சரி என்றான். சிட்டிபாபுவிடம் சரி என்றான். முகம் தெரியாத மனுஷனிடமும் சரி என்றான். சரி என்று வாங்கிக்கொள்ள ஆள் கிடைத்தவர்கள் போய்விட்டார்கள். அவ்வளவுதான் விஷயம். பின்னால் யாராவது வந்து நிற்க வேண்டும். யாராவது ஒருத்தர்.

டங்.

வாட்சில் நாலு மணி. டங். நாலரை. பஸ் போயிருக்கும். டங். முன்னால் செருப்புகள் குறையவில்லை. உட்காரலாம் என்றால் குழாய்களுக்கு நடுவில் உட்கார இடமில்லை. யார் கட்டினார்களோ, யோசித்துத்தான் கட்டியிருக்கிறார்கள். 'யாராவது வரணும் ஆண்டவரே, யாராயிருந்தாலும் பரவாயில்லை' என்று வேண்டிக்கொண்டான். அந்தக் கடைசி வார்த்தைகளை அவன் சொல்லியிருக்க வேண்டாம்.

ஐந்து பத்துக்குப் பின்னால் சத்தம் கேட்டது.

தரையில் இரும்பு இழுபடும் சத்தம். கொஞ்ச தூரம். நின்றது. மறுபடி கொஞ்ச தூரம். கூடவே வெறுங்கால், ஈரத் தரையில் நடக்கிற மாதிரி. அந்த இன்னொரு வாசனை இப்போது நன்றாகவே வந்தது. கழுவிவிட்ட தரையின் வாசனை. பினாயில்.

சத்திரத்தில் வேலை செய்கிற யாரோ, எதையோ இழுத்துக்கொண்டு வருகிறார்கள் என்று அவன் களைப்பு சொன்னது. அவன் நம்பினான். ஆள் வந்துவிட்டது, அது போதும். வந்தவர் சிட்டிபாபுவின் செருப்பில் காலை நுழைத்துக்கொள்ளும் சத்தம் கேட்டது. அளவு பெரிது. சளப், சளப் என்றது. மூச்சு அவன் பிடரியில் பட்டது. சூடே இல்லாத மூச்சு.

வரிசையில் நிற்பவர்கள் இதைக் கேட்கும்போது யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. முன்னால் பார்த்தபடியேதான் கேட்பார்கள். தனராஜும் அப்படியே கேட்டான்.

"கொஞ்சம் என் எடத்தப் பாத்துக்கறீங்களா?"

"சரிண்ணா" என்றது குரல். பழைய குரல். "நீ போ. எடத்த நான் பாத்துக்கறேன்."

தனராஜின் கால் சட்டென்று லேசாயிற்று. பாதம் தானாகவே செருப்பிலிருந்து வெளியே வந்தது.

திரும்பினான்.

ஆஸ்பத்திரி நீலச் சட்டை. மணிக்கட்டில் கட்டில் நம்பர் எழுதிய துணி. புறங்கையில் பிளாஸ்திரி, ஊசி, குழாய். பக்கத்தில் இரும்பு ஸ்டாண்டு. பாட்டிலில் ஒரு சொட்டு கீழே இறங்காமல் பாதியில் நின்றிருந்தது.

"டேய்" என்றான் தனராஜ். "டேய், வேணாம். நான் நிக்கறேன். நீ வார்டுக்குப் போ."

ஞானசிங் அண்ணனின் கையிலிருந்து புத்தகத்தை எடுத்துக்கொண்டான். குழாய்க்கும் அண்ணனுக்கும் நடுவில் புகுந்து, அவன் கழற்றிய செருப்பில் நின்று, முன்பக்கம் திரும்பிக்கொண்டான். மூலை இப்போது இரண்டே அடியில் இருந்தது. அதற்கப்பால் சாயங்கால வெயில், பஸ் ஹாரன், யாரோ நீர்மோர் விற்கிற குரல்.

தனராஜ் தம்பியின் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தான். புத்தகம் முதல் பக்கத்தில் விரிந்திருந்தது. கிணறு, கயிறு, ஒற்றைப் பிரி, கை. ஞானசிங் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். பக்கத்தைத் திருப்பவில்லை.

டங்.

இரும்பு ஸ்டாண்டு தரையில் ஒரு அடி இழுபட்டது.