இழுப்பறை பொருந்தாத மூலை

பிளைவுட் பலகை படிக்கட்டுத் திருப்பத்தில் மாட்டிக்கொண்டது. மேலே தச்சர், கீழே நான். அவர் இழுக்க, நான் தள்ள, புதிதாகப் பூசிய சுவரில் நீளமாக ஒரு கீறல் விழுந்ததுதான் மிச்சம்.

"இவ்வளவு குறுகலான படியை வச்சுக்கிட்டு மேல பெட்ரூம் கேக்குதாம்மா?" என்றார் மேலிருந்து.

நான் பலகைக்குத் தோளைக் கொடுத்து இன்னொரு முறை தள்ளினேன். கடைகளுக்கு அலமாரி வடிவமைத்துக் கொடுப்பது என் தொழில். எள் விழ இடமில்லாத மருந்துக்கடையில்கூட நாலு ஆள் நடமாட வழி செய்திருக்கிறேன். சொந்த வீட்டுப் பரணைப் படுக்கையறை ஆக்குவது என்ன பெரிய வித்தை என்றுதான் ஆரம்பித்தேன்.

அறை என் நாத்தனாருக்கு. கணவனைப் பிரிந்து வந்து, எங்கள் கூடத்து சோபாவில் படுத்துக்கொண்டிருந்தாள். நாங்கள் எழுந்து வருவதற்குள் போர்வையை மடித்து ஒளித்துவிடுவாள், அங்கே யாரும் படுக்கவே இல்லை என்பதுபோல. அதைப் பார்க்கப் பார்க்க எனக்கு மனசு கேட்கவில்லை. சாத்திக்கொள்ள அவளுக்கென்று ஒரு கதவாவது வேண்டும்.

பழைய வீடு, சரிவுக் கூரை. பரணின் நடுவில் மட்டும்தான் நிமிர்ந்து நிற்க முடியும். ஆகவே நடுவில் நடைவழி. கூரை ஜன்னலுக்குக் கீழே கட்டில். கூரை தாழ்ந்து இறங்கும் பக்கம் நெடுக, தரையோடு தரையாக இழுப்பறைகள். தவழ்ந்து போகிற இடத்தில் மனிதர்களுக்கு என்ன வேலை, சாமான் இருந்துவிட்டுப் போகட்டும் என்பது என் கணக்கு.

எல்லாம் கச்சிதமாக உட்கார்ந்தது. கடைசி மூலை இழுப்பறை மட்டும் உட்காரவில்லை.

சாயங்காலம் சரியாக மூடியிருக்கும். காலையில் பார்த்தால் ஒரு சாண் வெளியே துருத்திக்கொண்டு நிற்கும். தச்சர் ஓரத்தை இழைத்துப் பார்த்தார். இழுப்பறை ஓடும் தண்டவாளத்தை மாற்றினார். மறுபடி துருத்தியது. ஒரு நாள் காலையில், இழுப்பறையைத் தாங்க சுவரோடு முடுக்கிய பெட்டியே ஸ்க்ரூவைப் பிடுங்கிக்கொண்டு நகர்ந்திருந்தது.

"உங்க அளவு தப்பும்மா."

"என் அளவு சரி. நீங்க அறுத்ததுதான் கோணல்."

இதே பாட்டைத் தினமும் பாடினோம். எலியாக இருக்கும் என்றார் என் கணவர், செய்தித்தாளிலிருந்து தலையை எடுக்காமல். ஸ்க்ரூ பிடுங்குகிற எலியை எந்த ஊரில் பார்த்தீர்கள் என்று கத்தினேன்.

நாத்தனார் படியோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள் போலிருக்கிறது. "அண்ணி, சிரமமா இருந்தா விட்டுடுங்க. நான் வேற எங்கயாவது இடம் பார்த்துக்கறேன்" என்றாள். குரலில் கோபம் இல்லை. அதுதான் வலித்தது.

அன்று இரவு கணவர் மெல்லச் சொன்னார்: "நீ வேணும்னே வேலையை இழுத்தடிக்கறேன்னு அவ நினைக்கறா."

மறுநாள் தச்சர் அந்த மூலைக்குள் கையை விட்டவர், சட்டென்று வெளியே இழுத்துக்கொண்டார். உள்ளங்கையை வேட்டியில் துடைத்தார்.

"இந்த மூலைய விட்டுடலாம்மா."

"ஏன்?"

"பலகை சூடா இருக்கு. யாரோ இப்பதான் எழுந்து போன பாய் மாதிரி."

"வெயில் பட்டிருக்கும்."

"இந்தப் பக்கம் வெயிலே வராதே" என்று முணுமுணுத்தவர், சாப்பிட்டுவிட்டு வருகிறேன் என்று இறங்கிப் போனார். அன்றைக்குத் திரும்பி வரவில்லை.

எனக்கு ஆத்திரம் தலைக்கேறியது. நல்ல பகல். கூரை ஜன்னல் வழியாக வெளிச்சம் கொட்டிக்கொண்டிருந்தது. கீழே தையல் மெஷினில் நாத்தனார் திரைச்சீலைக்கு ஓரம் அடிக்கும் சத்தம். நானே பெட்டியை மூலைக்குள் தள்ளினேன். அதன்மேல் முதுகைச் சாய்த்து உட்கார்ந்து, எதிரிலிருந்த கட்டில் காலில் பாதங்களை உதைத்துக்கொண்டு, முழுபலத்தோடு அழுத்தினேன்.

பெட்டி உள்ளே போனது. எலும்பில் எலும்பு பொருந்துவதுபோல, அவ்வளவு சுத்தமாக.

"அப்படி வா வழிக்கு" என்றேன்.

அப்போதுதான் அந்த வாடை வந்தது. வெகுநாள் துவைக்காத தலையணை உறையின் எண்ணெய்ப் பிசுக்கு வாடை.

கீழே தையல் மெஷின் நின்றது.

என் முதுகில், பலகை அசைந்தது.

இடிக்கவில்லை. மோதவில்லை. மெதுவாக, பாரமாக, சாய்ந்தது. தூக்கத்தில் புரண்டு படுக்கிறவர் பக்கத்தில் படுத்திருப்பவரை முதுகால் தள்ளுவாரே, அந்தத் தள்ளல். கல்யாணமான நாளிலிருந்து எனக்குப் பழக்கமான தள்ளல்.

கட்டிலில் உதைத்திருந்த என் கால்கள் அந்தப் பாரத்துக்கு மடங்கின.

பலகைக்குப் பின்னால், என் காதின் உயரத்தில், ஒரு சத்தம்.

"ம்ச்."

தூக்கம் கலைந்தவரின் சலிப்பு. அவ்வளவுதான். படிகளில் எப்படி இறங்கினேன் என்று எனக்குத் தெரியாது.

யாரிடம் சொல்வது? அந்த அறை வேண்டாம் என்று நான் வாயைத் திறந்தால், நாத்தனார் அன்றைக்கே பெட்டியைக் கட்டிவிடுவாள். கணவர் நம்பமாட்டார். தச்சருக்குச் சொல்லி அனுப்பினேன்: மூலைப் பெட்டி வேண்டாம், அங்கே எதுவும் வேண்டாம், அப்படியே விட்டுவிடுங்கள். அவர் காரணம் கேட்கவில்லை. அந்தப் பெட்டிக்குப் பதிலாகப் படிக்கட்டுக்கு மேலே ஒரு தொங்கு அலமாரி வரைந்து கொடுத்தேன். காற்றோட்டத்துக்காக மூலையை விட்டிருக்கிறேன் என்று வீட்டில் சொன்னேன். அதற்குரிய இடத்தை அதற்கே விட்டாயிற்று, இனி யாரையும் தொந்தரவு செய்யாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

நாத்தனார் குடியேறினாள். முகம் தெளிந்தது. காலையில் நாங்கள் எழுப்பும்வரை தூங்கினாள். நான் மெல்ல மெல்ல மூச்சுவிட ஆரம்பித்தேன்.

ஒரு ஞாயிறு காலை, மூவரும் காபி குடித்துக்கொண்டிருந்தோம்.

"அண்ணி, சொன்னா சிரிக்கக் கூடாது" என்று ஆரம்பித்தாள் அவள். "ராத்திரி எனக்குத் துணையா வந்து அந்த மூலையில படுத்துக்கறீங்களே, முதல்ல எனக்கு ரொம்பக் கூச்சமா இருந்துச்சு. இப்ப நீங்க வந்தாதான் தூக்கமே வருது. உங்களைப் போய் நான் தப்பா நினைச்சேன் பாருங்க."

கணவர் என்னை நெகிழ்ந்துபோய்ப் பார்த்தார். "நீ எழுந்து போறதே எனக்குத் தெரியலையே!"

நான் ஓர் இரவுகூட மேலே போனதில்லை.

"நேத்து கட்டிலுக்கே வந்துட்டீங்க" என்று சிரித்தாள். "ரெண்டு பேருக்கு அது பத்தல அண்ணி. கொஞ்சம் அகலமா ஒண்ணு செய்யச் சொல்லுங்களேன்."

வாயைத் திறந்தேன்.

எங்கள் தலைக்கு மேலே கட்டில் கிறீச்சிட்டது. பிறகு மரத்தரையில் பாதங்கள், ஒன்றன்பின் ஒன்றாக, நிதானமாக ஊன்றின.

மூவரும் அண்ணாந்து பார்த்தோம்.

நாத்தனாரின் பார்வை கீழே இறங்கியது. அண்ணனைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். டம்ளரைச் சத்தமில்லாமல் மேஜைமேல் வைத்தாள்.

"அப்ப," என்றாள், உதடு மட்டும் அசைய, "அது நீங்க இல்லியா?"