ஐரிஷ் பாட்டிலில் புகை வாசம்

ஞாயிறு மாலை 4.10. மும்பை செம்பூரில் சுடலைக்கண்ணன் வீட்டுக் கூடம்.

“ஏலே, என் பாட்டில்ல எவனோ கை வச்சிருக்கான்!” என்று கிளாஸை டக்கென்று வைத்தார் சுடலைக்கண்ணன்.

மூன்று சிநேகிதர்கள், மாதம் ஒரு கூட்டம். அவரவர் புதிதாக வாங்கிய விஸ்கியைக் கொண்டுவந்து ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். சுடலைக்கண்ணனுடையது ஐரிஷ், மகள் கீதா டப்ளினில் முதல் சம்பளத்தில் வாங்கி வந்தது. தாராவியில் தோல் பை பட்டறை நடத்தும் தளவாயும், விக்ரோலியில் பாத்திரக்கடை வைத்திருக்கும் பேச்சிராஜாவும் கொண்டுவந்தவை ஸ்காட்ச். பேச்சிராஜாவுடையது புகை வாசம் தூக்கலாக அடிக்கும் ரகம். அதில் நாலு விரல் குறைந்திருந்தது. வீட்டிலேயே ருசி பார்த்துவிட்டு வருவது வழக்கம்தான் என்பதால் யாரும் கேட்கவில்லை.

விஸ்கிக்குக் காற்றாட வேண்டும் என்று எவனோ சொன்னதை நம்பி, இரண்டு மணி நேரம் முன்பே மூடியைத் திறந்து வைப்பது இவர்கள் சம்பிரதாயம். அவசியமே இல்லாத வேலை. சொன்னால் கேட்கிற ஆட்களா?

“ரெண்டு மணிக்குத் திறந்தப்ப தேன் வாசம் கமகமன்னு இருந்துச்சு. இப்ப விறகடுப்பு மாதிரி புகையுது!”

“அப்படியா? எனக்குத் தேனாத்தானே இனிக்கு!” என்றார் பேச்சிராஜா. அவர் அதற்குள் முக்கால் கிளாஸை முடித்திருந்தார்.

2.15 முதல் 3.45 வரை சுடலைக்கண்ணன் மீன் வாங்கப் போயிருந்தார். வீட்டில் இருந்தவள் சமையல் செய்யும் பூமாரி ஒருத்திதான்.

“திருடிக் குடிச்சிட்டு எதையோ ஊத்தி வச்சிருக்கா. நாளையிலேருந்து நீ வரவேண்டாம், பூமாரி!”

அவள் முகம் வெளிறிவிட்டது. இதே கட்டடத்தில் இன்னும் நாலு வீட்டில் சமைக்கிறாள். திருடி என்ற பேர் மாடி ஏறினால் அத்தனை வீட்டுக் கதவும் சாத்திக்கொள்ளும்.

“அரே, பொறும்வே,” என்றார் தளவாய். தோலை மோந்தே ஆடா மாடா என்று சொல்லிவிடுகிற மூக்கு அவருக்கு. கிளாஸை எடுத்து முகர்ந்து மூக்கைச் சுளித்தார். பால்கனிக் கொடியில் மேசை விரிப்பு ஈரம் சொட்டிக்கொண்டிருந்தது. அதையும் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

“பூமாரி, அண்ணாச்சி போன பிறகு யாரும் வந்தாங்களா?”

“யாரும் வரலை.”

“விரிப்பை எதுக்குத் துவைச்சே?”

“அழுக்கா இருந்துச்சு.”

“கூட்டத்துக்குன்னு காலையில புதுசா விரிக்கிற விரிப்பா?”

அவள் மேசையில் கிடந்த தட்டுகளை அடுக்கத் தொடங்கினாள். தளவாய் நாற்காலியில் உட்கார்ந்தார்.

“சுடலை, திருடுறவன் தண்ணி ஊத்துவான், இல்லைன்னா மட்ட ரம் ஊத்துவான். இதுல கலந்திருக்கது அசல் ஸ்காட்ச். திருடன் எவனாவது இதைவிட விலை கூடுன சரக்கை ஊத்தி வைப்பானா? இங்க சரக்கு சிந்தியிருக்கு. சிந்தினவன் பதறிப்போய்த் தன் பாட்டில்ல இருந்து நிரப்பியிருக்கான். யாரும் வந்தாங்களான்னு கேட்டேன். குத்தம் செஞ்சவளா இருந்தா, ஆமான்னு அதைப் பிடிச்சுத் தொங்கியிருப்பா. இவ வேண்டாம்னு தள்ளுதா. யாரையோ காப்பாத்துதா.”

“யாரைவே?”

“புகையைக் கலந்துட்டோம்னே தெரியாத ஆளை. நாம ரெண்டு பேரும் கிளாஸ்கிட்ட மூக்கைக் கொண்டுபோனதுமே சுளிச்சோம். ஒருத்தன் மட்டும் தேன்னு சொன்னான். இனிப்பு நாக்குக்குத் தெரியும், புகை மூக்குக்குத்தான் தெரியும். பேச்சிராஜா, உனக்கு எப்பலேருந்து வாசம் தெரியலை?”

பேச்சிராஜா கையிலிருந்த கிளாஸைக் கீழே வைத்தார். கண் நிறைந்துவிட்டது.

“கொரோனாவுல போச்சு. புதுப் பாட்டில் வரப்பல்லாம் இதுலயாவது வாசம் வராதான்னு பார்ப்பேன். இன்னைக்கும் 2.45க்கே வந்து இந்த ஐரிஷை மோந்தேன். கை தவறிச் சிந்திருச்சு. மூக்கில்லாதவனுக்கு இந்தக் கூட்டத்துல என்ன வேலைன்னு கேப்பீயளோன்னு பயந்து, என் பாட்டில்ல இருந்து நிரப்பிட்டு, வெளிய போயி நேரத்துக்குத் திரும்பி வந்தேன். பூமாரி, என்னை மன்னிச்சிரு தாயி.”

“மன்னிக்கிறதாவது!” பூமாரி குரல் உடைந்தது. “எம் புருஷனுக்குக் கொரோனாவுல மூச்சு முட்டுனப்ப சொந்தக்காரன்கூட வாசல்ல நின்னுட்டான். மூணு மாடி முதுகுல சுமந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது இந்த அண்ணாச்சிதான். அவரு பொழைச்சாரு, இவருக்குத் தொத்திக்கிட்டு. ஒரு திருட்டுப் பேர் வாங்குனா நான் தேஞ்சா போயிருவேன்?”

தளவாய் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். நல்லவேளை, இந்தப் பேச்சிராஜா நமக்குச் சிநேகிதனாக வாய்த்தானே என்று அவருக்கு நெஞ்சு நிறைந்தது.

சுடலைக்கண்ணன் எழுந்து பூமாரியைக் கைகூப்பிக் கும்பிட்டார். “புத்திகெட்டுப் பேசிட்டேன் தாயி. நாளைக்கும் நீதான் சமைக்கணும்.” பிறகு அந்த ஐரிஷ் பாட்டிலை எடுத்து, பேச்சிராஜாவின் கிளாஸில் விளிம்புவரை ஊற்றினார்.

“குடிலே. வாசத்தை நாங்க சொல்லுதோம்.”