பலகையில் எழுதினால் போதுமா?

கண் விழித்ததும் தமயந்தி காற்றை முகர்ந்து பார்த்தாள். செவ்வாய்க் கோளில் எல்லோரும் செய்வதுதான், பாலைக் காய்ச்சுவதற்கு முன் முகர்ந்து பார்ப்பதைப் போல. இன்று மூக்கைச் சுளித்தாள். நேற்றைய காற்று.

வெளியே கதவுகள் திறக்கும் சத்தம் கேட்டது.

"உங்க வீட்லயும் பழசுதானா?"

"ஆமா. நேத்து நீங்க வச்ச பூண்டுக் குழம்பு இன்னும் எங்க வீட்லதான் இருக்கு."

தமயந்தி தலையைக்கூடச் சீவாமல் இயக்க அறைக்கு ஓடினாள். மேகலைக் குடியிருப்பின் கணினி இயங்குதளத்தைப் பார்த்துக்கொள்வது அவளும் ஞானவேலும்தான்.

அங்கே காற்று, தண்ணீர், விளக்கு, கதவு எல்லாவற்றையும் நானூற்றுப் பன்னிரண்டு நிகழிகள் நடத்தின. எழுதிவைத்த நிரல் ஓடத் தொடங்கிவிட்டால் அதற்கு நிகழி என்று பெயர். ஒவ்வொன்றுக்கும் நினைவகத்தில் தனி அறை உண்டு. ஒன்றின் அறைக்குள் இன்னொன்று எட்டிப் பார்க்க முடியாது. வேலை கூடினால் ஒரு நிகழி குழந்தை நிகழிகளைப் பெற்றுக்கொள்ளும். சேதி சொல்லிக்கொள்ள இரண்டு வழிகள் இருந்தன. எல்லோருக்கும் பொதுவான பலகையில் எழுதலாம். இல்லையென்றால் சீட்டு எழுதி நடுவன் என்ற தலைமை நிரலிடம் கொடுக்கலாம். அது கொண்டுபோய்ச் சேர்க்கும்.

ஞானவேல் முன்பே வந்திருந்தான். இருவர் மேசைக்கும் நடுவே இரண்டு முழம் இடைவெளி. அதில் ஏவல் என்ற சிறிய இயந்திரன் தேநீர்த் தட்டுடன் நின்றது.

"ஏவல், அந்தம்மாகிட்ட சொல்லு. காற்று மூணு மணி நேரத்துக்குத்தான் வரும்."

ஏவல் திரும்பியது. "காற்று மூன்று மணி நேரத்துக்குத்தான் வரும்."

"காதுல விழுந்துச்சு. காற்று நிகழியையும் தண்ணி நிகழியையும் நிறுத்தி மறுபடி ஓட்டலாமான்னு அவர்கிட்ட கேளு."

"அதுக்கு ஆறு மணி நேரம் ஆகும்னு சொல்லு."

பதினொரு மாதங்களாக இப்படித்தான். ஞானவேல் புது வீடு புகுந்தபோது, குடியிருப்பின் பொதுப்பலகையில் 'அனைவரும் வருக' என்று போட்டான். பக்கத்து மேசையில் உட்கார்ந்திருந்தவளிடம் வாயால் ஒரு வார்த்தை சொல்லவில்லை. தமயந்தி போகவில்லை, காரணமும் சொல்லவில்லை. அவளுக்குச் சண்டை போட வராது. பேசாமல் இருக்க மட்டும் நன்றாக வரும். பலகையைப் பார்த்து ஊரே வந்தது, இவளுக்கு மட்டும் என்ன என்று அவனும் பேச்சை நிறுத்திவிட்டான்.

அவள் பதிவேட்டைத் திறந்தாள். தகராறு வளிக்கும் புனலுக்கும் இடையில். வளி தண்ணீரைப் பிரித்துக் காற்று செய்யும் நிகழி. புனல் தண்ணீரை இறைத்துத் தரும் நிகழி. இறைக்கும் பொறிக்கு மின்சாரம் வேண்டும், மின்சாரத்தின் சாவி வளியிடம் இருந்தது. காற்று செய்யத் தண்ணீர் வேண்டும், தண்ணீர் மடையின் சாவி புனலிடம் இருந்தது. இரண்டும் சாவியை இறுகப் பிடித்துக்கொண்டு, எதிராளி முதலில் விடட்டும் என்று காத்திருந்தன. நடுவன் வழியாகச் சீட்டுகள் மட்டும் பறந்துகொண்டிருந்தன.

'நடுவனே, அந்தப் புனலிடம் சொல். தண்ணீர் இருப்பு எவ்வளவு என்று எனக்குத் தகவல் வரவில்லை.'

'நடுவனே, அந்த வளியிடம் சொல். பலகையில் எழுதியிருக்கிறேன்.'

'பலகையில் எழுதினால் போதுமா? ஊரோடு ஒன்றாக நானும் நின்று படிக்க வேண்டுமா?'

'மற்றவர்கள் படித்தார்கள். இவருக்கு மட்டும் என்ன?'

தமயந்திக்கு முகம் சூடானது. இந்த வாக்கியங்களை அவள் வேறெங்கோ கேட்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள். ஏவல் தட்டோடு நின்றுகொண்டிருந்தது.

சுவர் ஒலிபெருக்கியில் குடியிருப்புத் தலைவி ரெஜினா வந்தார். "என்னதான் கோளாறு? பால்வாடிக் குழந்தைங்களுக்குக் கவச உடுப்பு மாட்டிக்கிட்டிருக்கோம். ஒண்ணுக்குமே அளவு சரியில்ல. ஒரு பொண்ணு தலைக்கவசத்துக்குள்ள அழுது அழுது கண்ணாடி வழியா மூஞ்சியே தெரியல."

"மேடம், அஞ்சு வருஷத்துக்கு முன்னாடி பூமியிலிருந்து ஒரு நிரல் திருத்தம் அனுப்பினாங்க இல்லையா?" என்றாள் தமயந்தி. குரல் பாதிதான் வெளியே வந்தது. "நிகழிகளுக்கு விட்டுக்கொடுக்கக் கத்துக்கொடுக்கறதுக்கு."

ரெஜினாவுக்கு நினைவிருந்தது. மனிதர்கள் கூடி வாழ்ந்து பழகியவர்கள், பக்கத்தில் இருக்கும் மனிதர்களைப் பார்த்தே நிகழிகள் கற்றுக்கொள்ளட்டும் என்று பூமியில் யாரோ முடிவு செய்திருந்தார். அவர் தனியாக வாழ்ந்தவராக இருக்க வேண்டும்.

"சரி, பக்கத்துல இருக்கற மனுஷங்க யாரு?"

தமயந்தியும் ஞானவேலும் ஒரே நேரத்தில் இருமினார்கள்.

"ஐயோ," என்றார் ரெஜினா. "நீங்க ரெண்டு பேரா? பேசித் தொலைங்களேன்! அதுங்க பார்த்துக்கிட்டுத்தானே இருக்கு? யாராவது ஒருத்தர் ஆரம்பிங்க."

ஞானவேல் விசைப்பலகையைத் துடைத்தான். தமயந்தி நகத்தைப் பார்த்தாள். திரையின் மூலையில் காற்று இருப்பைக் காட்டிய மஞ்சள் எண் சிவப்பானது. அவளுக்குத் தலை கனத்தது. ஆரம்பித்தால் தோற்றதுபோல் ஆகிவிடும். ஆரம்பிக்காவிட்டால் அந்தப் பெண் தலைக்கவசத்துக்குள்ளேயே அழுதுகொண்டிருப்பாள்.

"ஏவல், அவர்கிட்ட..." என்று தொடங்கி நிறுத்தினாள். நாற்காலியைத் திருப்பினாள். பதினொரு மாதத்தில் அவன் காதோரம் நரைத்திருந்தது.

"டீ ஆறிப் போகுது," என்றாள்.

ஞானவேல் ஏவலைப் பார்த்தான். ஏவல் வாயைத் திறக்கவில்லை. சேதி நேரே போய்விட்டது.

"உங்களுதும்தான்," என்றான்.

"பக்கத்துலதானே உட்கார்ந்திருந்தேன்? ஒரு வார்த்தை சொன்னா வாய் தேஞ்சா போயிரும்?"

"எல்லாருக்கும்தானே போட்டேன்..."

"அதான். எல்லாரும் நானும் ஒண்ணா?"

அவன் தேநீரைக் கையில் எடுத்தான், குடிக்கவில்லை. "தப்புதான். வாயால சொல்லியிருக்கணும். நீங்க வருவீங்கன்னு கேசரிகூட எடுத்து வச்சிருந்தேன்."

"எடுத்து வச்சீங்களா?"

"ஏலக்காய் தூக்கலா."

"கேசரியைப் பத்தி அப்புறம் பேசலாம்," என்றார் ரெஜினா.

திரையில் ஒரு வரி தோன்றியது. நடுவன் வழியாக வரவில்லை, நேராக வந்தது.

'வளி, பதினாறாயிரம் லிட்டர் இருக்கிறது. உங்களுக்கென்றுதான் சொல்கிறேன்.'

'மின்சாரம் எடுத்துக்கொள்ளுங்கள், புனல். நானும் கேட்டிருக்கலாம்.'

சாவிகள் இரண்டும் ஒரே நொடியில் விடுபட்டன. எங்கோ சுவருக்குள் தண்ணீர் ஓடியது. சற்று நேரத்தில் குழாய்களிலிருந்து புதுக் காற்று வந்தது. பால்வாடியில் தலைக்கவசங்களைக் கழற்றினார்கள்.

"ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வாங்க," என்றான் ஞானவேல், எழுந்து நின்று. "கேசரி பண்றேன். தம்பி, தங்கச்சி எல்லாரையும் கூட்டிட்டு வரணும்."

"வர்றேன்," என்றாள் தமயந்தி.

ரெஜினாவுக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. "இதை நிகழிகளோட சேர்ந்து கொண்டாடணும். அதுங்கதானே நம்மளக் காப்பாத்துது? இருங்க, நானே போட்டுடறேன்."

"மேடம், எதுல?" என்று தமயந்தி பதறி எழுந்தாள்.

அதற்குள் பொதுப்பலகையில் பெரிய எழுத்தில் வந்துவிட்டது: 'ஞாயிறு விருந்து. நிகழிகள் அனைவரும் வருக.'

முதலில் விளக்குகள் அணைந்தன. பிறகு கதவுகள் ஒவ்வொன்றாகப் பூட்டிக்கொண்டன. மின்தூக்கி பாதி வழியில் நின்றது. திரையில் நானூற்றுப் பன்னிரண்டு சீட்டுகள் வரிசையாக விழுந்தன. அத்தனையிலும் ஒரே கேள்விதான்: 'பலகையில் எழுதினால் போதுமா?'

மதியம் வரை தமயந்தியும் ஞானவேலும் கைவிளக்கோடு கணிப்பொறி அடுக்குகளுக்கு இடையே நடந்தார்கள். அவள் கையில் எவர்சில்வர் தட்டு, அதில் பசுமைக்கூடத்து வெற்றிலை, பாக்கு, குங்குமம். ஒவ்வொரு அடுக்கின் முன்னும் நின்று, பெயர் சொல்லி அழைத்து, "ஞாயித்துக்கிழமை அவசியம் வரணும். குழந்தைங்களையும் கூட்டிட்டு வரணும்," என்றார்கள். சொல்லச் சொல்ல விளக்குகள் எரிந்தன, கதவுகள் திறந்தன. கூச்சப்பட்டுக்கொண்டு ஆரம்பித்தவளுக்கு நூறாவது நிகழிக்குள் குரல் தெளிந்துவிட்டது.

நானூற்றுப் பன்னிரண்டாவது, தலைவியின் அலுவலகக் கழிவறையின் கதவு நிகழி. அதன் முன்னும் தட்டை நீட்டிச் சொன்னார்கள். அது உடனே திறக்கவில்லை. சிறிய திரையில் எழுத்துகள் மெதுவாக வந்தன.

'வருகிறேன். முதலில் யாரை அழைத்தீர்கள் என்று தெரிந்துகொள்ளலாமா?'

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கதவுக்கு உள்ளேயிருந்து யாரோ தட்டினார்கள்.

"வேலு," என்றார் ரெஜினா, உள்ளே இருட்டிலிருந்து. "அதையே முதல்ல கூப்பிட்டோம்னு சொல்லுப்பா."