நான்கு நிமிடம் மீதி

மூன்றாம் முறையும் கூட்டிப் பார்த்தாள். ஒரு மணி நேரத் தொலைக்காட்சி நேரலையில் நான்கு நிமிடம் மீதி விழுந்தது. காலையில் பாட்டு, பேட்டி, விளம்பரம் என்று விநாடி சுத்தமாக அவள்தான் பட்டியல் போட்டிருந்தாள்.

"என்னக்கா, லீவு முடிஞ்சு வந்த முதல் நாளே கணக்குல ஓட்டையா?" பக்கத்து நாற்காலியில் இயக்குநர் சிரித்தான்.

"பேட்டியை இழுத்துக்கலாம் தம்பி."

நேரம் சொல்வது அவள் வேலை. கட்டுப்பாட்டு அறையிலிருந்து அவள் பத்து, ஒன்பது என்று எண்ண, அரங்கில் ஒருவன் விரல்களை ஒவ்வொன்றாக மடக்குவான். வெளியே கிளம்பும்போது வீட்டிலும் அதே கூத்துதான். அவள் வாசலில் நின்று எண்ணுவாள். கணவன் விரல்களை மடக்கிக்கொண்டே வந்து கடைசி விரலை மட்டும் நீட்டி வைத்துக் கெஞ்சுவான். "ஒண்ணுல நிறுத்தும்மா, இன்னும் தலையே வாரல!"

இரண்டு மாதத்துக்கு முன், இப்படி ஒரு நேரலையின்போது, இழுப்பறைக்குள் அவள் போன் நான்கு நிமிடம் விடாமல் அதிர்ந்தது. முடித்துவிட்டுப் பேசிக்கொள்ளலாம் என்றிருந்தாள். வீட்டுக்குப் போனபோது அடுப்பில் பால் தீய்ந்திருந்தது. தரையில் அவன், உடல் சில்லிட்டு.

இன்று பேட்டியை எவ்வளவு இழுத்தும் நீளவில்லை. கடைசி விளம்பரமும் முடிந்தது. கடிகாரம் தானாகவே நான்கு நிமிடத்துக்குப் போய் அங்கிருந்து இறங்கத் தொடங்கியது. காதில் மாட்டியிருந்த கருவியில் ஓயாத பேச்செல்லாம் அடங்கி, அடுப்பு சீறும் சத்தம் மட்டும் மெல்ல எழ, குளிரூட்டிய அந்த அறை முழுக்கத் தீய்ந்த பால் வாசனை பரவியது.

இயக்குநர் பக்கம் திரும்பினாள். சிரிக்கத் திறந்த அவன் வாய் அப்படியே நின்றிருந்தது.

எதிர்ச் சுவரின் நடுத்திரையில் அவள் சமையலறை. நீலச் சுடர். தரையில் அவன், காதில் போனோடு.

இழுப்பறை அதிர்ந்தது. இந்த முறை எடுத்தாள்.

"என்னங்க..."

"இன்னும் எவ்வளவு நேரம் இருக்கும்மா?"

கடிகாரம் பார்த்தாள். நான்கு நிமிடமும் கரைந்து பத்து விநாடிதான் மீதி. பழகிய வாய். அதுவாக எண்ணியது.

ஒன்பது. எட்டு. திரையில் அவன் விரல்கள் மடங்கின.

மூன்று. இரண்டு.

ஒன்று.

இரு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். கடிகாரம் நின்றது.

மடியில் விழுந்த போனிலிருந்து அவன் குரல். "வலிக்குதும்மா. முடிச்சிடு."

தலையை ஆட்டினாள். மாட்டேன். மாட்டேன்.

பால் பொங்கிக்கொண்டே இருந்தது. அவன் கண் மூடவில்லை. நீட்டிய ஒற்றை விரல், மடங்க முடியாமல் நடுங்கிக்கொண்டே இருந்தது.