மருந்து வைத்தவன்

காபியின் அடியில் ஏதோ கரகரத்தது. துர்காதேவி நாக்கால் துழாவிப் பார்த்தாள். சர்க்கரை இல்லை, கசந்தது. பக்கத்து வீட்டில் மிக்சி ஓடிக்கொண்டிருந்தது, ரோட்டில் லாரிகள் உறுமிக்கொண்டு போயின, படாளம் முழுக்கச் சர்க்கரை ஆலையின் புளித்த பாகு வாசனை கவிந்திருந்தது, அத்தனைக்கும் நடுவே பிரிட்ஜுக்குப் பின்னாலிருந்து அந்தப் பெண்குரல் கொஞ்சலாகச் சொன்னது: "மருந்து வெச்சிட்டான், கண்ணு."

சோற்றில் மருந்து வைத்து ஆளையே மாற்றிவிடுவார்கள் என்று அந்தப் பக்கத்தில் சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். ஆனால் இந்தக் குரல் வியாதி. அதுவும் அவளுக்குத் தெரியும். படிப்பு மண்டையில் ஏறாமல், தூக்கம் கெட்டு, யாரோ பெயர் சொல்லிக் கூப்பிடுவது போலிருக்கிறது என்று அவள் முதலில் சொன்னது அண்ணன் மோகனிடம்தான். அவனும் மந்திரம் மாயம் என்று அலையாமல் நேரே செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனான். "ஆரம்பத்துலயே வந்துட்டீங்க, முத்தவிடாம பாத்துக்கலாம்" என்றார் டாக்டரம்மா. "குரல் என்ன சொன்னாலும் அண்ணனைக் கேளு. அவர் இல்லைன்னு சொன்னா, அது இல்லை."

அந்த ஒரு பேச்சைப் பிடித்துக்கொண்டுதான் அவள் நடமாடினாள். மாத்திரை போட்டால் பரீட்சைக்குப் படிக்க விடாமல் கண் சொக்குகிறது என்று மாத்திரையை நிறுத்தினாளே தவிர, அண்ணனைக் கேட்பதை நிறுத்தவில்லை. இப்போதும் கேட்டாள்.

"அண்ணா, காபில எதுனா போட்டியா?"

"சக்கரதான். இன்னா கேள்வி இது?" செல்போனிலிருந்து நிமிராமலே சொன்னான் மோகன்.

"நீ மருந்து வெச்சிட்டியாம். குரல் சொல்லுது."

அவன் விரல் ஒரு கணம் நின்றது. "அதெல்லாம் ஒண்ணியும் இல்லம்மா. உன் நெனப்பு."

அவன் இல்லையென்றால் இல்லை. நிம்மதியாக மிச்சத்தையும் குடித்தாள்.

மறுநாள் சாயங்காலம் மிக்சி ஓடவில்லை. வீட்டில் வேறொரு சத்தம். நறநறவென்று.

"போய்ப் பாரேன், கண்ணு."

போனாள். சமையல் மேடை. அண்ணனின் முதுகு. டம்ளரின் அடியால் எதையோ நசுக்குகிறான். வெள்ளைத் தூள். வழித்து அவள் காபியில் போடுகிறான்.

"அண்ணா."

திடுக்கிட்டுத் திரும்பினான். "நீ மாத்திர போடல துர்கா... பயந்துட்டேன். உன் நல்லதுக்குத்தான்..."

"நேத்து கேட்டனே. இல்லன்னியே."

பாவி, சண்டை போட்டு வாயில் திணித்திருந்தால்கூட மன்னித்திருப்பாளே! குரல் சொன்னது நிஜம். அண்ணன் சொன்னது பொய். மாடியில் யாரும் நடக்கவில்லை என்றானே? பஸ்ஸில் யாரும் உன்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை என்றானே? அதெல்லாம்? இனி யாரைக் கேட்பது?

பிரிட்ஜ் பக்கம் திரும்பினாள். முதல் தடவையாக அதோடு வாய்விட்டுப் பேசினாள்.

"வேற இன்னா தெரியும் உனுக்கு? சொல்லு."

அது சொல்லத் தொடங்கியது. பொறுமையாக. ஒவ்வொன்றாக. மோகன் அவள் தோளைப் பிடித்து உலுக்கினான். அவன் கண்ணில் நீர் வழிந்தது. அவன் வாய் திறந்து திறந்து மூடியது.

அவள் காதுக்கு அவன் சத்தமே வரவில்லை.