அறுபதாயிரம் தளவாய்

தூத்துக்குடிக்கு வெளியே, உப்பளங்களுக்கு நடுவில் கட்டியிருந்த புதிய கால்பந்து அரங்கில் அன்று காலை அறுபதாயிரம் பேர் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களில் ஒரே ஒருவருக்குத்தான் ரேஷன் கார்டு உண்டு. அந்த ஒருவரின் பெயர் தளவாய்.

தளவாயின் தொழில் ஆள் சேர்ப்பது. கட்சி மாநாடு, கடை திறப்பு, எதிர்ப்பு ஊர்வலம், ஆதரவு ஊர்வலம் எதுவானாலும் லாரி லாரியாக ஆள் இறக்குவார். காலையில் எதிர்க்கப் போன அதே ஆட்களை, தோளில் துண்டை மட்டும் மாற்றி, சாயங்காலம் ஆதரிக்கக் கொண்டுபோய் நிறுத்திய கீர்த்தி அவருக்கு உண்டு. ஆனால் தொழிலில் ஒரு நேர்த்தி வைத்திருந்தார். ஆளை அனுப்பிவிட்டு வீட்டில் படுத்துக்கொள்ளமாட்டார். கூட்டத்தின் நடுவில் தானும் போய் உட்கார்ந்து, கைதட்ட வேண்டிய இடத்தில் முதல் தட்டை அவரே தட்டுவார்.

உலகக் கோப்பை ஆட்டங்களுக்கு அரங்கம் தயாரானபோது அவரைத்தான் கூப்பிட்டார்கள். ஏதோ ஒரு தேசத்தில், திறந்த அன்றைக்கே பார்வையாளர் மாடம் சரிந்து ஏகப்பட்ட பேர் போய்ச் சேர்ந்த பிறகு, போட்டி நடத்தும் மேலிடம் ஒரு சட்டம் போட்டிருந்தது. உயிருள்ள ரசிகன் காலடி வைக்குமுன் அரங்கத்தை உயிரில்லாத கூட்டத்தால் நிரப்பிச் சோதிக்க வேண்டும். அதற்காக வந்த இயந்திரம்தான் வார்ப்பி. கூண்டுக்குள் உட்கார்ந்த மனிதரை அது இமைக்கிற நேரத்தில் அச்செடுத்துக்கொள்ளும். பிறகு காற்றை இறுக்கி, அதே உருவத்தில் ஒரு வார்ப்பாளை இருக்கையில் கொண்டுவந்து உட்கார வைக்கும். வார்ப்பாளுக்கு எடை உண்டு, உடம்புச் சூடு உண்டு, புத்தியும் உண்டு. புத்தி இல்லாத கூட்டம் பயப்படாது. பயப்படாத கூட்டம் முண்டியடிக்காது. முண்டியடிக்காத கூட்டத்தை வைத்துக்கொண்டு எதைச் சோதிப்பது?

குதிக்கச் சொன்னால் குதிக்க வேண்டும், கத்தச் சொன்னால் கத்த வேண்டும். கடைசியில் மணி அடித்ததும் எல்லோரும் எட்டு நிமிடத்துக்குள் வாசல் வழியாக வெளியேற வேண்டும். வாசல் நிலையைத் தாண்டியதும் வார்ப்பாள் கரைந்து காற்றோடு போய்விடுவான். இத்தனையும் ஒழுங்காக நடந்தால் சான்றிதழ். பாதியில் இயந்திரத்தை நிறுத்தினாலோ, ஆட்கள் வெளியேறாமல் நின்றாலோ சான்றிதழ் இல்லை. ஆட்டங்கள் கொச்சிக்குப் போய்விடும். தூத்துக்குடிக்காரனுக்கு அதைவிடப் பெரிய சாவு வேறில்லை.

வார்ப்பியை ஓட்டிய எஞ்சினியர் ஜெசிந்தா பர்னாந்து முதல் நாளே சொல்லிவிட்டாள்.

"அண்ணாச்சி, அச்செடுக்க நீங்க கூட்டிட்டு வர்ற அறுபதாயிரம் ஆளும் வேற வேற ஆளா இருக்கணும். ஒரே ஆளத் திருப்பித் திருப்பி உக்கார வச்சிராதீங்க."

"என்னம்மா நீ, என்னயப் பாத்தா அப்படியா தெரியுது?"

"உங்களப் பாத்தாதான் அப்படித் தெரியுது."

தளவாய் சிரித்துக்கொண்டார். பிறகு கேட்டார்: "சரி, இந்த வார்ப்பாளுக்கு தான் வார்ப்புன்னு தெரியுமா?"

"தெரியாது. சீட்டுல திடீர்னு முழிச்சா பயந்துருவாங்கல்லா? அதனால காலைல எந்திச்சு, குளிச்சு, பஸ் ஏறி வந்து உக்காந்த மாதிரி ஒரு நினைப்ப மெஷினே உள்ள வச்சிரும். அவங்கவங்க பழக்கம் எப்படியோ அப்படி."

"அப்ப ஒவ்வொருத்தனும் தாந்தான் அசல்னு நினைச்சிக்கிட்டு இருப்பான்."

"ஆமா அண்ணாச்சி."

"பாவம்," என்றார் தளவாய். டீ சொன்னார்.

அந்த வாரம் பார்த்துக் கல்யாண முகூர்த்தம் நாலு. திருநெல்வேலியில் ஒரு மாநாடு, மதுரையில் அதற்குப் போட்டி மாநாடு. கூலிக்குக்கூட ஓர் ஈ கிடைக்கவில்லை. தளவாய் யோசித்தார். காவலாளியைப் பீடி வாங்க அனுப்பிவிட்டு, கூண்டுக்குள் தானே போய் உட்கார்ந்தார். கை எட்டும் தூரத்தில் 'அடுத்தவர்' என்ற பொத்தான் இருந்தது. அதன்மேல் ஒரு செங்கல்லைத் தூக்கி வைத்துவிட்டுக் கண்ணை மூடினார். இயந்திரம் அடுத்தவர், அடுத்தவர் என்று அவரையே எடுத்துக்கொண்டிருந்தது. நல்ல தூக்கம்.

சோதனை நாளன்று தளவாய் காலையில் எழுந்தார், குளித்தார், பஸ் ஏறினார். வழக்கம்போலக் கூட்டத்தோடு இருக்க வேண்டும் என்று கிழக்கு மாடத்தில் வந்து உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில் வலப்பக்கம் ஒரு தளவாய் இருந்தார். இடப்பக்கம் ஒரு தளவாய். எதிர் மாடம் முழுக்க வெள்ளை வேட்டியும் நரைத்த மீசையுமாக அவரே மலைபோல ஏறிப் போயிருந்தார். இதெல்லாம் அவர் எதிர்பார்த்ததுதான். எதிர்பார்க்காதது அந்த அமைதி. அறுபதாயிரம் பேர் இருக்கிற இடத்தில் ஓர் இருமல் இல்லை. அவருக்கு இருமல் வந்து இருமினார். அரங்கமே இருமியது.

மேலே கண்ணாடி அறையில் ஜெசிந்தாவும், மேலிடத்திலிருந்து வந்த ஆய்வாளர் திருமதி மென்சாவும் உட்கார்ந்திருந்தார்கள். திருமதி மென்சா கானா நாட்டுக்காரர். அவர் பேசுவதைச் சட்டையில் குத்தியிருந்த மொழிமாற்றி தமிழில் சொல்லும்; அவரைப் பார்த்துப் பேசுவதை மட்டும் அவர் காதில் சொல்லும். அதற்குத் தமிழ் கற்றுக்கொடுத்தவன் வானொலிச் செய்தியைத் தவிர வேறெதையும் கேட்காதவன் போலிருக்கிறது. ஒலிபெருக்கி திறந்தே கிடந்ததால் மாடம் முழுவதும் கேட்டது.

"உங்கள் பகுதி மக்களிடையே வியத்தகு உருவ ஒற்றுமை நிலவுகிறது."

"எல்லாம் ஒரே ஊரு மேடம்," என்றாள் ஜெசிந்தா, குரலில் பல்லைக் கடித்துக்கொண்டு. "சொந்தத்துக்குள்ளயே கட்டுவாங்க."

"மகிழ்ச்சி. சோதனை தொடங்கட்டும்."

குதித்தார்கள். சிமெண்ட் தாங்கியது. கத்தினார்கள். கூரை தாங்கியது. இப்போது கைதட்ட வேண்டும் என்று ஒலிபெருக்கி சொன்னது. இது நம்ம இடம் என்று தளவாய் முதல் தட்டைத் தட்டினார். ஆனால் அது முதல் தட்டாக இல்லை. அறுபதாயிரம் பேரும் அதே நொடியில் தட்டினார்கள், ஒரே ஓசையாக, ஏதோ ஒரு பெரிய கதவைச் சாத்தியதுபோல. தட்டிய கையைப் பிரிக்காமல் அவர் அப்படியே உட்கார்ந்திருந்தார். நாற்பது வருஷத் தொழிலில் அவர் முந்திக்கொள்ள முடியாத கூட்டம் இது ஒன்றுதான்.

மணி அடித்தது. வாசல்கள் திறந்தன.

யாரும் எழுந்திருக்கவில்லை.

தளவாய் பக்கத்தில் இருந்தவரைப் பார்த்தார். "போங்க அண்ணாச்சி, மணி அடிச்சிட்டுல்லா."

"நீங்க போங்க முதல்ல," என்றார் பக்கத்தில் இருந்த தளவாய்.

"நான் ஏன் போகணும்? நான் இங்கன வேலையா வந்திருக்கேன்."

"நானும் வேலையாத்தான் வந்திருக்கேன்."

"வே, நீரு வார்ப்பு வே."

"அதச் சொல்லுறதுக்கு நீரு யாரு?"

"நான் காலைல எந்திச்சு, குளிச்சு, பஸ் ஏறி..." என்று ஆரம்பித்த தளவாய் பாதியில் நிறுத்திக்கொண்டார். பக்கத்தில் இருந்தவரும் அதே சொல்லில் நிறுத்தினார். பின்வரிசையில் ஒருவர் தொண்டையைக் கனைத்தார். எவரும் எவர் முகத்தையும் பார்க்கவில்லை.

நிமிடங்கள் போய்க்கொண்டிருந்தன. கூட்டத்தைக் கலைக்கத் தளவாய்க்கு ஒரு வித்தை தெரியும். கையைக் குவித்துக்கொண்டு கத்தினார்: "வாசல்ல ஆளுக்கொரு சில்வர் குடம் குடுக்காங்க!"

அறுபதாயிரம் பேர் அதே வார்த்தைகளைக் கத்தினார்கள். பிறகு அறுபதாயிரம் பேரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புக்கு உப்பளத்தில் இருந்த கொக்குகள் எல்லாம் எழுந்து கடல் பக்கம் போய்விட்டன. திரும்பி வரவில்லை.

திருமதி மென்சா எழுந்து நின்றுவிட்டார். "மக்கள் வெளியேற மறுப்பது ஏன்?"

"ஆட்டம் ரொம்பப் பிடிச்சிப்போச்சு மேடம்."

"ஆட்டம் எதுவும் நடைபெறவில்லையே."

ஜெசிந்தா கடிகாரத்துக்கு ஒரு முறை கூடுதல் அவகாசம் வாங்கினாள். விதியில் ஒரே ஒரு முறை அது உண்டு. பிறகு ஒலிவாங்கியை வாயருகே இழுத்து, கெஞ்சலும் கோபமுமாகச் சொன்னாள்: "அண்ணாச்சி, அசல் ஆளு யாரோ நீங்க முதல்ல வெளிய வாங்க. உங்களுக்கு ஒண்ணும் ஆகாது. நீங்க நடந்தா மத்தவங்க பின்னால வந்துருவாங்க. உங்களுக்குத்தான் தெரியுமே நீங்க அசல்னு?"

தளவாய்க்குத் தெரியும். சந்தேகமே இல்லை. இடது முழங்கால் வலிக்கிறது, அது போதாதா? முழங்காலைத் தடவினார். பக்கத்தில் இருந்தவரும் தடவிக்கொண்டிருந்தார். எதிர் மாடத்தில் ஆயிரம் ஆயிரம் கைகள் ஆயிரம் ஆயிரம் முழங்கால்களில் மெல்ல ஊர்ந்தன. அசல்தான், சரி. ஆனாலும் ஒரு பேச்சுக்கு, வேறு எவனாவது முதலில் வாசலைத் தாண்டட்டும், பார்த்துவிட்டுப் போகலாம் என்று நினைத்தார். அறுபதாயிரம் பேரும் அதையேதான் நினைத்தார்கள்.

வெயில் ஏறியது. கிழக்கு மாடத்தில் யாருக்கும் வியர்க்கவில்லை.

அப்போது மேற்கு மாடத்தில் ஒருவர் நெளிந்தார். கால்மேல் கால் போட்டார், எடுத்தார். சட்டென்று எழுந்தார். வேட்டியைத் தொடைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு, இருக்கைகளுக்கு நடுவில் மற்றவர்கள் கால்களை மிதித்தபடி கழிப்பறையைப் பார்த்து ஓடினார். அத்தனை முகங்களும் அவரோடு சேர்ந்து திரும்பின.

தளவாய்க்குச் சர்க்கரை வியாதி. ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவை ஒதுங்காவிட்டால் அவரால் உட்கார முடியாது. எந்த மாநாட்டிலும் மேடைக்கு முன்னால் அவர் ஒதுங்கும் இடத்தைத்தான் பார்த்து வைப்பார். கிழக்கு மாடத்தில் இருந்த தளவாய் தன் அடிவயிற்றில் கவனமாகத் தேடிப் பார்த்தார். ஒன்றும் இல்லை. காலையிலிருந்தே ஒன்றும் இல்லை. காலை என்று ஒன்று இருந்ததா என்பதே இப்போது அவ்வளவு உறுதியாக இல்லை.

"அவருதான்," என்றார் பக்கத்தில் இருந்தவர், தாழ்ந்த குரலில்.

"ம்," என்றார் தளவாய்.

அந்த ஆள் ஈரக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார். அத்தனை பேரும் தன்னையே பார்ப்பதைப் பார்த்து நின்றார். மெதுவாக அவர் முகத்தில் விஷயம் விடிந்தது. அதற்கப்புறம் அவர் ஒரு கணம் தயங்கவில்லை. நேரே வாசலுக்கு நடந்து, நிலையைத் தாண்டி, கரையாமல் அந்தப் பக்கம் நின்றார். தன் நெஞ்சைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். கொஞ்ச நேரத்தில், வாசலில் இருந்த ஒலிவாங்கி வழியாக அவர் குரல் ஒலிபெருக்கியில் வந்தது. மூச்சு வாங்கியது.

"எப்பா, எல்லாரும் பாத்தியள்லா? நாந்தான். இனி என்ன, கிளம்புங்க. இன்னும் ரெண்டு நிமிஷம்தான் இருக்கு. ஊரு மானம் போயிரும்."

கிழக்கு மாடத்தில் இருந்தவர் வசதியாகச் சாய்ந்துகொண்டார். அவர் பயம் போய்விட்டிருந்தது. போனவுடன் அந்த இடத்தில் வேறொன்று வந்து உட்கார்ந்தது. அவர் வாயைத் திறந்தார். மாடங்களில் இருந்த அத்தனை வாயும் திறந்தன.

"எங்களுக்கு என்ன?"

ஒலிபெருக்கியில் ஜெசிந்தாவின் குரல் தூரத்தில் கேட்டது. "அண்ணாச்சி, நிறுத்திரட்டுமா?"

"நிறுத்தாத! நிறுத்துனா கொச்சி!" பிறகு அந்தக் குரல் கனிந்தது. "என்னப்பா வேணும் உங்களுக்கு? சொல்லுங்க. நமக்குள்ள என்ன?"

பசி இல்லாதவனுக்குச் சோறு எதற்கு? நாளை இல்லாதவனுக்குப் பணம் எதற்கு? கிழக்கு மாடத்தில் இருந்தவர் யோசித்தார். எத்தனையோ கூட்டத்துக்குப் போயிருக்கிறார், ஒன்றையாவது வேடிக்கை பார்க்கிறவனாகப் பார்த்ததில்லை. கீழே புல்தரை பச்சையாக, ஒரு கால்கூடப் படாமல் கிடந்தது.

"ஆட்டம் பாக்கணும்," என்றார்கள் எல்லோரும். "பாத்துட்டுப் போறோம்."

"அதுக்கென்ன, தாராளமா! இப்ப நீங்க வெளிய போங்க. முதல் ஆட்டத்தன்னிக்கு உங்க அத்தன பேரையும் திரும்ப வார்த்து, இதே சீட்டுல உக்கார வைக்கேன். எங்கம்மா மேல சத்தியம்."

கண்ணாடி அறையில் திருமதி மென்சா கடிகாரத்தைப் பார்த்தார். வெளியே நின்றவர் சத்தியத்துக்காகத் தன் தலைமேல் கையை வைத்துக்கொண்டிருந்தார். குரல் தழுதழுத்தது, கண்ணில் நீர்கூட வந்திருந்தது. யார் பார்த்தாலும் நம்பியிருப்பார்கள்.

தளவாயின் சத்தியம் எப்படிப்பட்டது என்று உலகத்திலேயே நன்றாகத் தெரிந்தவர்கள் அசையாமல் உட்கார்ந்திருந்தார்கள்.